தேநீர் மேசையும் தேயிலை மலையும்

ஆங்கில நாவல்களையும் நாடகங்களையும் பாடமாகக் கற்றவர்களுள் தேநீர் மேசையொன்றைச் சந்திக்காதவர் அரியர். வெண்ணிற விரிப்பு, வெள்ளிச் சாடி, மெல்லிய பீங்கான் கோப்பை, வெள்ளரிக்காயை நடுவில் வைத்து ஓரம் சீவிய பாண் துண்டு, பணியாளின் ஓசையற்ற காலடி ஆகிய யாவும் நமக்குப் பழகிய காட்சிகள். அக்காட்சியின் நகைச்சுவையை விளக்குக என்று பரீட்சைத் தாளிலே வினா வரும், மாணவரும் விளக்குவர். ஆயின், அக்கோப்பையினுள் இருப்பது எங்கிருந்து வந்தது, எவர் கையால் வந்தது என்ற வினாவை நாம் வகுப்பறையில் எழுப்புவதில்லை. தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ இந்நூல்களைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு அவ்வினாவின் விடை யன்னலுக்கு வெளியே தெரிகிறது. அப்படியிருந்தும் புத்தகத்துக்கும் யன்னலுக்குமிடையே ஒரு திரையைத் தொங்கவிட்டுத்தான் நாம் பாடம் நடத்தி வந்திருக்கிறோம். அத்திரையைச் சற்றே விலக்கிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

இது பழங்கதையன்று. பேரரசு போயிற்று; அதன் தேநீர் மேசை போகவில்லை. இலண்டன் மாநகரின் ஆடம்பர ஹோட்டல்களில் பிற்பகல் தேநீர் இன்றும் ஒரு பெரும் வைபவம். மூன்று தட்டு அடுக்கிய வெள்ளித் தாங்கி, கீழ்த்தட்டில் சான்ட்விச், நடுவில் ஸ்கோன் என்னும் சிறு ரொட்டியும் அதற்குரிய பாலாடையும் ஜாமும், மேலே கேக் வகைகள், மூலையிலே பியானோ. இவ்வைபவத்தை அனுபவித்து எழுதுவது ஒரு தனி எழுத்து வகையாகவே வளர்ந்துவிட்டது. ஸ்கோனின் மென்மை, சாடியின் மினுக்கம், ஜாமை முதலிற் பூசுவதா பாலாடையை முதலிற் பூசுவதா என டெவன், கோர்ன்வால் மாவட்டத்தார் நடத்தும் ஓயாத வழக்கு ஆகியன அவ்வெழுத்தின் பொருள்கள். அதிலும் தேயிலையின் பெயர் வரும். டார்ஜிலிங், அஸ்ஸாம், சிலோன் என்று ஊர்ப் பெயராக வரும். ஆட்பெயராக ஒருபோதும் வருவதில்லை. மலை உண்டு, பனி உண்டு, மணம் உண்டு, மனிதர் மட்டும் இல்லை. இந்த இல்லாமை தற்செயலானதா, அன்றி அம்மேசையின் அமைப்பிலேயே உள்ளதா என்பதே நமது விசாரணை.

*

வரலாற்றிலிருந்து தொடங்குவோம். 1662இல் இரண்டாம் சார்ள்ஸ் மன்னனை மணந்து வந்த போர்த்துக்கேய இளவரசி கத்தரீன் தேநீர் அருந்தும் பழக்கத்தை ஆங்கில அரசவையில் நாகரிகமாக்கினாள். அன்று அது சீனத்திலிருந்து வந்த அரும்பொருள், வரியோ கடுமை. 1784இல் அவ்வரி நூற்றுக்கு 119 என்ற நிலையிலிருந்து நூற்றுக்குப் பன்னிரண்டரையாகக் குறைக்கப்பட்டது. அதன்பின் தேநீர் மாளிகையிலிருந்து குடிசைக்கு இறங்கிற்று. நெசவாலைத் தொழிலாளியின் குளிர்ந்த காலையுணவுக்கு அது சூடு தந்தது. சீனியோடு சேர்ந்து பசியை ஏமாற்றிற்று. 1845இல் இங்கிலாந்தின் தொழிலாள வர்க்கத்தைப் பற்றி நூல் வெளியிட்ட ஏங்கல்ஸ், தேநீரும் இல்லாத வீடு வறுமையின் கடைசிப்படியில் நிற்கும் வீடென்று கண்டார்.

ஏறத்தாழ அதே காலத்தில், அதாவது 1840ஐ அடுத்து, பெட்போர்ட் கோமகள் அன்னா என்பவள் பிற்பகலில் தேநீரும் சிற்றுண்டியும் தன் அறைக்கு வரவழைத்து உண்ணத் தொடங்கினாள் என்று மரபு கூறுகிறது. விளக்கு வசதி பெருகியதால் பிரபுக்களின் இரவுணவு மேலும் மேலும் பிந்திப்போக, மதியத்துக்கும் இரவுக்குமிடையே அவளுக்குக் களைப்புத் தோன்றிற்றாம். ஈண்டு ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். ஒரே பானத்தை ஒரே காலத்தில் இரு வர்க்கங்கள் இரு காரணங்களுக்காக அருந்தின. ஒன்று உணவு போதாமையால் அருந்திற்று. மற்றது உணவு வேளை பிந்தியதால் அருந்திற்று. முதலாவதற்கு ஆங்கில இலக்கியத்திற் கிடைத்த பக்கங்கள் சில. இரண்டாவது ஒரு தேசத்தின் அடையாளமாகவே நிலைபெற்றுவிட்டது.

அப்பானத்துக்காகப் பேரரசு செய்தவை நாமறிந்தவை. சீனத் தேயிலைக்கு வெள்ளி கொடுக்க மனமில்லாது அபினைக் கொடுத்தது. அதனை மறுத்த சீனத்தின்மீது 1839இல் போர் தொடுத்தது. அதே 1839இல் அஸ்ஸாம் தேயிலை முதன்முறையாக இலண்டனில் ஏலம் போயிற்று. இலங்கையிலோ 1820களிலிருந்தே கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து தமிழ் மக்கள் கொண்டுவரப்பட்டனர். மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டு வழியே மலைக்கு நடந்த அவர்களுள் பலர் வழியிலேயே மாண்டனர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பியைத் தாக்கத் தொடங்கிய நோய் அப்பயிரை அழித்தபோது, மலைநாடெங்கும் தேயிலை பரவிற்று. 1890இல் தோமஸ் லிப்டன் இங்கு தோட்டங்களை வாங்கித் தோட்டத்துக்கும் சாடிக்குமிடையே தாமே நேர்வழியானதாக விளம்பரம் செய்தார். அந்த நேர்வழியில் நடந்தவர் எத்தனை பேர் என்பதை விளம்பரம் சொல்லவில்லை.

இலண்டன் ரிட்ஸ் ஹோட்டல் 1906இல் திறக்கப்பட்டது. பனைமுற்றம் என்று பொருள்படும் பெயருடைய அதன் கூடத்தில் நடைபெறும் பிற்பகல் தேநீர் உலகப் புகழ் பெற்றது. அதே 1906இல் பிரித்தானியத் தொழிற்கட்சி அப்பெயரைச் சூடி, 29 உறுப்பினருடன் பாராளுமன்றத்தில் அமர்ந்தது. இரண்டும் ஒரே நகரில், ஒரே ஆண்டில் நிகழ்ந்தன. வீதியிலே தொழிலாளி தலைநிமிர்த்தத் தொடங்கிய வேளையில், பழைய மாளிகையின் வாழ்க்கைமுறை ஹோட்டல் கூரையின்கீழ் வந்து காசுக்குக் கிடைக்கும் சரக்காயிற்று. கோமகளின் அறையில் நடந்தது வழக்கம். ஹோட்டலில் நடப்பது வழக்கத்தின் நடிப்பு. ஆடவர் மேலங்கி அணிய வேண்டும் என்ற விதி இன்றும் அங்கு உண்டு. நடிப்புக்கு உடை வேண்டுமன்றோ!

*

இனி இலக்கியத்துக்கு வருவோம். ஹென்றி ஜேம்ஸ் எழுதிய ஒரு பெண்மணியின் சித்திரம் என்னும் நாவல் 1881இல் நூலாயிற்று. அது பிற்பகல் தேநீர் வேளையின் இனிமையைப் போற்றியே தொடங்குகிறது. தேம்ஸ் நதிக்கரையிலே பழம்பெரும் மாளிகை, அதன் புற்றரை, நீண்ட நிழல். ஆங்கிலத் தேநீர்க் காட்சிக்கு இதனை முன்மாதிரியாகக் காட்டுவோர் உளர். ஆயின், அம்மாளிகையின் சொந்தக்காரர் ஆங்கிலப் பிரபு அல்லர், அமெரிக்க வங்கியாளர். மலிவாகக் கிடைத்ததென்று அதனை வாங்கியவர். ஆக, அப்புற்றரையில் நாம் காண்பது ஆங்கிலேயரின் மரபன்று. மூலதனம் விலைக்கு வாங்கிய மரபு. ஜேம்ஸ் இதனை அறியாதவரல்லர். அறிந்தே முதற் பக்கங்களில் வைத்தார். நாம்தான் புற்றரையின் அழகில் மயங்கி அதனைத் தாண்டிச் சென்றுவிடுகிறோம்.

1895இல் மேடையேறிய ஒஸ்கார் வைல்டின் ஏர்னெஸ்ட் நாடகம் இதனினும் கூர்மையானது. முதலங்கத்தில் அத்தைக்கென்று செய்த வெள்ளரிக்காய் சான்ட்விச் முழுவதையும் அல்ஜர்னன் தானே தின்று தீர்த்துவிடுகிறான். அத்தை வந்து கேட்டபோது, சந்தையில் வெள்ளரிக்காயே கிடைக்கவில்லை என்று பணியாள் முகம் மாறாமற் பொய் சொல்லி எசமானனைக் காக்கிறான். இரண்டாம் அங்கத்தில் இரு யுவதிகள் தேநீர் மேசையிற் போரிடுகின்றனர். சீனி வேண்டாம் என்றவளின் கோப்பையிலே நான்கு கட்டிச் சீனி விழுகிறது. பாணும் வெண்ணெயும் கேட்டவளுக்குக் கேக் கொடுக்கப்படுகிறது. பணியாட்கள் முன்னிலையில் குரலுயர்த்த முடியாது. ஆகவே சீனி ஆயுதமாகிறது.

இக்காட்சியை வெறும் நகைச்சுவை என்று கற்பிப்பது வைல்டுக்குச் செய்யும் அநீதியாகும். ஒழுங்கு, உபசாரம், மேன்மை என்று அவ்வர்க்கம் பெயரிட்டு வைத்தவற்றின் உள்ளே இருப்பது பகையும் பொய்யும் பெருந்தீனியுமே என்பதை அவர் சிரித்தபடி காட்டிவிட்டார். பணியாளின் பொய்யே அந்நாடகத்தின் மிக நுட்பமான இடம். எசமானனின் பண்பு பணியாளின் பொய்யினால் நிற்கிறது. ஆனால் வைல்டின் பார்வை சமையலறை வாயிலோடு நின்றுவிட்டது. சாடியில் ஊற்றிய கொழுந்தைப் பறித்தவள் அவருடைய நாடகத்துக்கு வெளியே, ஆறாயிரம் மைல் தூரத்தில் நின்றாள்.

லூயிஸ் கரொல் 1865இல் வெளியிட்ட அற்புத உலகக் கதையிலே பித்தர்களின் தேநீர் விருந்து வருகிறது. அங்கு கடிகாரம் ஆறு மணியிலேயே நின்றுவிட்டது. எப்போதும் தேநீர் வேளை. கோப்பைகளைக் கழுவ நேரமில்லை. ஆதலால் ஒரு கோப்பை அழுக்கானதும் எல்லோரும் அடுத்த ஆசனத்துக்கு நகர்கின்றனர். குழந்தைகளுக்கென்று எழுதப்பட்ட இக்காட்சியில் ஒரு வர்க்கத்தின் முழுச் சித்திரம் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. ஆசிரியர் அவ்வாறு கருதி எழுதினார் என்று நாம் சொல்லவில்லை. காலத்தை நிறுத்திவைத்துக்கொண்டு, அழுக்கைப் பின்னால் விட்டுப் புதிய கோப்பையை நோக்கி நகரும் கூட்டத்தை வரலாறு நன்கறியும். நிலம் தேய்ந்தால் அடுத்த நிலம். கோப்பி மடிந்தால் தேயிலை. சீனம் கசந்தால் அஸ்ஸாம். கழுவும் வேலை எப்போதும் பிறருடையது.

*

ஆடம்பர ஹோட்டலின் தேநீர் வைபவத்தையே கதைக்களமாகக் கொண்ட ஒரு நூல் உண்டு. அது துப்பறியும் நாவல் என்பதால் நமது விமர்சகர்கள் அதனைத் தொடுவதில்லை. அகதா கிறிஸ்டி 1965இல் வெளியிட்ட பேட்ராம் ஹோட்டலில் என்னும் நாவலையே குறிப்பிடுகிறோம்.

இலண்டனிலே பேட்ராம் என்னும் ஹோட்டல். இரு உலகப் போர்களும் அங்கு நிகழவில்லை போலும்! அதே பழைய நாற்காலிகள், அதே பணிவு, உண்மையான விதைக் கேக், வெண்ணெய் வழியும் ரொட்டி, தளபதியைப்போலத் தேநீரை நடத்திவைக்கும் தலைமைப் பணியாளன். ஆங்கிலக் கிராமத்துக் கிழவிகளும் மதகுருமாரும் அங்கு அமர்ந்திருக்கின்றனர். பணம் படைத்த அமெரிக்கப் பயணிகள் அவர்களைக் கண்டு மெய்ம்மறக்கின்றனர். முகாமையாளரே ஒரு கட்டத்தில் இரகசியத்தை அவிழ்க்கிறார். அக்கிழவிகளுக்கு அங்கு தங்கும் வசதியில்லை. அவர்களுக்குச் சலுகைக் கட்டணம். ஏனெனில், அவர்கள் விருந்தினரல்லர், காட்சிப் பொருள்கள். அவர்களைப் பார்க்கவே வெளிநாட்டார் முழுக் கட்டணம் செலுத்துகின்றனர்.

மிஸ் மார்ப்பிள் என்னும் முதியவள் சில நாட்களில் ஐயுறுகிறாள். இத்தனை செம்மை மெய்யாக இருக்க முடியாது. அவளது ஐயம் சரியாகிறது. அந்த ஹோட்டல் ஒரு பெருங் கொள்ளைக் கும்பலின் தலைமையகம். வெண்விரிப்பும் விதைக் கேக்கும் வங்கிக் கொள்ளையையும் புகையிரதக் கொள்ளையையும் மறைக்கும் திரை.

அகதா கிறிஸ்டி பொதுவுடைமைவாதியல்லர். பழைய இங்கிலாந்தின்மேல் பற்றுள்ளவர். எனினும், கலைஞரின் நேர்மை அவருடைய கருத்தை மீறி ஓர் உண்மையை வெளிக்கொணர்ந்துவிட்டது. பால்சாக்கைப் பற்றி ஏங்கல்ஸ் கண்டதும் இத்தகையதே. மரபுவாதியான பால்சாக், தாம் நேசித்த வர்க்கத்தின் வீழ்ச்சியைத் தம் விருப்பத்துக்கு மாறாகவே தீட்டினார். அதுபோலவே இங்கும், தமக்கு மிகவும் பிடித்த தேநீர் மேசையின் அடியிலே கொள்ளை இருக்கிறதென்று எழுத வேண்டிய நிர்ப்பந்தம் அவ்வாசிரியைக்கு நேர்ந்தது. ஜேம்ஸின் நாவலில் அமெரிக்க மூலதனம் மாளிகையை வாங்கிற்று. எண்பத்துநான்கு ஆண்டுகளின்பின் கிறிஸ்டியின் நாவலில் மாளிகையின் நினைவைப் பிற்பகலுக்குப் பிற்பகல் வாடகைக்கு வாங்குகிறது. ஒரு வர்க்கத்தின் வாழ்வு காட்சியாகச் சுருங்கிய வரலாற்றை இவ்விரு நூல்களையும் ஒருங்கே வைத்துப் படிப்போர் எளிதில் உணர்வர்.

ஆயின், நாவலின் குறையும் இங்கேதான் உள்ளது. கொள்ளையைக் கண்டுபிடித்த ஆசிரியை, அதனை ஒரு கும்பலின் தலையில் கட்டிவிட்டார். கும்பல் பிடிபட்டதும் கதை முடிந்தது. கும்பல் இல்லாத ஹோட்டலில், யாவும் சட்டப்படி நடக்கும் ஹோட்டலில், அச்சாடியினுள் இருப்பது என்ன என்று அவர் கேட்கவில்லை. துப்பறியும் நாவல் சட்டத்தை மீறிய திருட்டையே காணும். சட்டத்தின் வழி நடக்கும் திருட்டைக் காண வேறுவகை இலக்கியம் வேண்டும்.

ஜோர்ஜ் ஓர்வெல்லின் நிலை இதனினும் சிக்கலானது. 1946 சனவரியில் ஒரு மாலைப் பத்திரிகையில் நல்ல தேநீர் தயாரிப்பதற்குப் பதினொரு விதிகளை அவர் எழுதினார். முதல் விதியே இந்தியத் தேயிலை அல்லது இலங்கைத் தேயிலையைக் கொள்ள வேண்டும் என்பது. சாடியைச் சூடாக்குவது முதல் சீனியை விலக்குவது வரை அனைத்தும் நுணுக்கமாகச் சொல்லப்பட்டுள்ளன; கொழுந்து பறித்த கைக்கு ஒரு விதியுமில்லை. இவர் பேரரசை அறியாதவரா? பீகாரிலே பிறந்தவர், பர்மாவிலே பொலிஸ் அதிகாரியாகப் பணியாற்றி வெறுத்து விலகியவர். 1937இல் வெளியான தமது நூலில் ஆங்கிலேயர் ஓரளவு வசதியாக வாழ்வது இந்தியர் பட்டினியின் விளிம்பில் வாழ்வதால்தான் என்று ஒளிவுமறைவின்றி எழுதியவர். பங்கீட்டுக் காலத்தில், வாரத்துக்கு இரண்டு அவுன்ஸ் தேயிலை பெற்ற மக்களுக்காக எழுதிய இலேசான கட்டுரைதான் அது என்று சமாதானம் கூறலாம். நாமும் அதனை ஏற்கிறோம். எனினும், இத்தகைய ஒருவரே தேநீரைப்பற்றி எழுத அமர்ந்ததும் தாம் அறிந்ததை மறந்துவிட முடிந்ததென்றால், அந்த மேசையின் வசீகரம் எத்துணை வலியது என்பதை உணர வேண்டும். மறதி தனிமனிதரின் குற்றமன்று. அம்மேசை மறப்பதற்காகவே அமைக்கப்பட்டது.

*

இனி நம் நாட்டுக்கு வருவோம். கொழும்பிலும் நுவரெலியாவிலுமுள்ள பெரிய ஹோட்டல்களும் பிற்பகல் தேநீர் நடத்துகின்றன. அதற்கு அவை இடும் பெயர் பெரும்பாலும் ஹைடீ என்பது. இப்பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கில நாட்டில் ஹைடீ என்பது பிரபுக்களின் சிற்றுண்டியன்று. ஆலையிலிருந்தும் சுரங்கத்திலிருந்தும் மாலையிலே திரும்பிய தொழிலாளி, உயரமான சாப்பாட்டு மேசையில் அமர்ந்து பாணும் இறைச்சியும் தேநீரும் கொண்ட முழு உணவை உண்ட வேளையையே அப்பெயர் குறித்தது. உயர்வு என்றிருப்பதால் உயர்ந்தோருடையது என்று கருதி, தொழிலாளியின் இராச்சாப்பாட்டுப் பெயரை நமது மேட்டுக்குடியினர் சூடிக்கொண்டனர். எசமானனைப் போலி செய்யப் புறப்பட்டு அவனது வேலையாளின் பெயரை எடுத்துக்கொண்ட இந்நிகழ்ச்சியை, அடிமை மனோபாவத்துக்குக் காட்டாகப் பாடநூலில் வைக்கலாம்.

கந்தப்பளைப் பகுதியில் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றே ஆடம்பர ஹோட்டலாகியிருக்கிறது. பயணிகள் கூடையெடுத்துக் கொழுந்து பறித்துப் பார்க்கவும் அங்கு வசதியுண்டு. அரைமணி நேரம் பறிப்பது பொழுதுபோக்கு. ஆயுள் முழுவதும் பறிப்பது விதி. இரண்டுக்குமிடையே உள்ள வேறுபாடு கூடையில் இல்லை, நிறுத்திவிட்டு எழுந்துபோகும் உரிமையில் இருக்கிறது.

சிறிது கணக்குப் பார்ப்போம். கணக்கு இலக்கிய விமர்சனத்துக்குப் புறம்பானதென்று முகஞ்சுளிப்போர் பொறுத்தருள்க. பல தோட்டங்களில் ஒருநாட் பெயர் விழுவதற்குப் பறிக்க வேண்டிய கொழுந்து 18 கிலோ, குறைந்தால் அரைப்பெயர். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலைத் தூளாகும். ஆகவே ஒருத்தியின் ஒருநாள் உழைப்பு நாலு கிலோ தூள். கோப்பைக்கு இரண்டரைக் கிராம் என்றால் 1600 கோப்பைத் தேநீர். 2024இல் வேதனச் சபையினூடாகத் தீர்மானிக்கப்பட்ட அவளது அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. அதற்கு முன்னர் 1000 ரூபா என்ற கோரிக்கைக்காகப் பல ஆண்டுகள் போராடி, 2021இல்தான் அது கிடைத்தது.

இனி மேசையின் மறுபக்கம். இலண்டனின் முதற்தர ஹோட்டல்களில் ஒருவருக்கான பிற்பகல் தேநீர் 2024இல் 70 பவுணும் அதற்கு மேலும். பவுண் ஒன்றுக்கு 400 ரூபா அளவில் கொண்டால் 28,000 ரூபா. பறித்தவளுக்கு இருபது நாட்சம்பளத்துக்கும் அதிகம். அவ்விருந்தினர் மூன்று கோப்பை அருந்தினாலும் செலவாகும் தூள் ஏழரைக் கிராம். அவ்வாண்டு கொழும்பு ஏலத்தில் கிலோ 1200 ரூபா அளவில் விற்றது. அந்தக் கணக்கில் ஒன்பது ரூபாவுக்கான தூள். மிகச் சிறந்த ரகமென்று பத்து மடங்காக்கினாலும் நூறு ரூபாவை எட்டாது. எஞ்சிய தொகை கூடத்துக்கும் பியானோவுக்கும் பலகாரத்துக்கும் பணியாளருக்கும், யாவற்றுக்கும் மேலாகப் பிரபுவாகச் சிலமணி நேரம் உணர்வதற்கும் செல்கிறது. வைபவத்துக்குப் பெயர் தேநீர். அதன் விலையில் தேநீரின் பங்கு மட்டும் கண்ணுக்கே தெரியாது.

லயத்திலுள்ளவளும் தேநீர் அருந்துகிறாள். விடியுமுன் எழுந்து, பிரட்டுக்குப் போகுமுன் அருந்துகிறாள். பாலில்லை, உள்ளங்கையிற் சீனியை வைத்து நக்கிக்கொண்டு சாயத்தை விழுங்குகிறாள். அவள் பறித்த கொழுந்தின் உயர்ந்த தரம் கப்பலேறும். அவளது கோப்பைக்கு வருவது தூசு.

*

இத்தேநீர் மேசைக்கு மறுமொழி சொன்ன இலக்கியம் இல்லையா? உண்டு. முல்க் ராஜ் ஆனந்த் 1937இல் ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்னும் நாவல் அஸ்ஸாம் தோட்டமொன்றின் கதை. ஆசை வார்த்தைகளுக்கு இணங்கிக் குடும்பத்தோடு செல்லும் பஞ்சாப் விவசாயி கங்கு, இறுதியில் துரையொருவனின் துப்பாக்கிக்குப் பலியாகிறான்; நீதிமன்றம் துரையை விடுவிக்கிறது. அந்நாவலின் துரைமார் ஓரளவு பொம்மைகளாகவே உள்ளனர் என்பதும், கங்குவின் உள்ளம் போதிய அளவு விரியவில்லை என்பதும் மெய். ஆயினும், ஆங்கில வாசகனின் மேசைமீது அவனது மொழியிலேயே பிணமொன்றைக் கிடத்திய துணிவு சாதாரணமானதன்று. தமிழிலே புதுமைப்பித்தன் 1930களில் எழுதிய துன்பக்கேணி, நெல்லைச் சீமையின் ஒடுக்கப்பட்ட பெண்ணொருத்தி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சீரழிவதைச் சொல்கிறது. கிராமத்துச் சாதிக் கொடுமையும் தோட்டத்துக் கொடுமையும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகள் என்பதை அக்கதை உணர்த்தியது.

நம் மண்ணிலே சி. வி. வேலுப்பிள்ளை எழுந்தார். மலைநாட்டுத் தோட்டமொன்றிலே பிறந்த அவர், தேயிலைத் தோட்டத்து வாழ்வைப் பாடும் நெடுங்கவிதையை 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். பின்னர் சக்தீ பாலையா அதனைத் தமிழாக்கினார். ஏன் ஆங்கிலத்தில் எழுதினார் என்று கேட்போருக்கு ஒரு விடையுண்டு. அம்மேசையில் அமர்ந்திருந்தோரின் காதுக்கு எட்ட வேண்டிய குரல் அது. 1947 தேர்தலிலே அவர் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகத் தெரிவானார். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவரது மக்களை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டிலே வாக்குரிமையும் போயிற்று. கவிஞனுக்குத் தொகுதியுண்டு, தொகுதியில் மக்களுண்டு, மக்களுக்கு மட்டும் வாக்கில்லை. அக்கவிதையைப் படிக்கும்போது இச்சட்டத்தையும் அருகில் வைத்துப் படிக்க வேண்டும். 1972இல் நாட்டின் பெயர் மாறிற்று. தேயிலைப் பெட்டியில் சிலோன் என்ற பெயர் மாறவில்லை. சரக்குக்கு இருந்த நிலையான அடையாளம் அதனைப் பறித்தவர்களுக்கு இருக்கவில்லை.

இங்கே நம்மை நாமே விசாரித்துக்கொள்ளவும் வேண்டும். 1948இல் இடதுசாரிகள் அச்சட்டத்தை எதிர்த்து நின்றனர். அது நம் பெருமை. ஆனால் 1964 ஒக்டோபரில், ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கிட்ட ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, இடதுசாரிக் கட்சியொன்று அமைச்சரவையில் அமர்ந்திருந்தது. அது நம் வெட்கம். யாழ்ப்பாணத்துத் தமிழ் எழுத்தும் நெடுங்காலம் மலைநாட்டைத் தன் எல்லைக்கு அப்பாலேயே வைத்திருந்தது. மலைநாட்டுப் பிள்ளையை வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டே வர்க்க விடுதலையைப் பற்றி எழுதிய கைகளும் நம்மிடையே இருந்தன. இலண்டன் ஹோட்டலில் அமர்ந்தவர் மட்டுமே கொழுந்து பறித்தவளை மறந்தார் என்று சொல்ல நமக்கு வாயில்லை.

*

இறுதியாக ஓர் ஆட்சேபத்துக்கு விடை கூறுவோம். நல்ல கோப்பையில், அமைதியான கூடத்தில், இசை கேட்டபடி தேநீர் அருந்துவது குற்றமா? இன்பத்தை வெறுப்பதுதான் முற்போக்கா? இல்லை. இன்பத்தை வெறுக்கும் தத்துவம் மடங்களுக்கு உரியது. உழைப்பவரின் இயக்கத்துக்கு உரியதன்று. மாலை வேளையில் கால்நீட்டி அமர்ந்து, பேசிச் சிரித்து, சூடான ஒன்றை அருந்துவது மனித வாழ்வின் மிக நல்ல பழக்கங்களுள் ஒன்று. கொழுந்து மடுவத்தில் நிறுத்துப் போட்டுவிட்டு வருபவளுக்கும் அம்மாலை வேண்டும் என்பதே நமது வழக்கு. மேசையை உடைக்க வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. மேசையில் அமரும் உரிமை பறித்தவளுக்கும் வேண்டுமென்றே கேட்கிறோம். ஓய்வு ஒருசிலரின் உடைமையாக உள்ளவரை அது நடிப்பாகவே இருக்கும். அனைவருக்கும் உரியதாகும்போதுதான் அது பண்பாடாகும்.

மலைநாட்டு மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தோம். கூட்டங்கள் நடந்தன, மலர்கள் வந்தன. ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடிய சிறியதொரு வேலை எஞ்சியிருக்கிறது. வைல்டையும் ஜேம்ஸையும் பாடத்திட்டத்திலிருந்து அகற்ற வேண்டியதில்லை. அவர்கள் பெரிய கலைஞர்கள். ஆனால், வைல்டின் தேநீர்க் காட்சியைக் கற்பிக்கும் அதே கிழமையில் வேலுப்பிள்ளையின் கவிதையையும் கற்பியுங்கள். இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு, இவ்விரு நூல்களிலும் வரும் தேயிலை ஒன்றுதானா என்று மாணவரிடம் கேளுங்கள். விடையை அவர்களே சொல்லுவர். வகுப்பில் ஒரு தோட்டத்துப் பிள்ளை இருக்குமாயின், அன்று முதன்முறையாக ஆங்கில இலக்கியப் பாடத்திலே தன் தாயைப் பற்றிப் பேச அப்பிள்ளைக்கு இடங் கிடைக்கும்.